பப்பாளி மாவுப்பூச்சியும் அதனை அடக்கிய சிறு குளவியும்

பயிர்களுக்குப் புதிதாக வந்து சேரும் பூச்சிகள், நெடுங்காலமாக இந்நாட்டிலேயே இருந்துவரும் பூச்சிகளைவிடப் பன்மடங்கு கேடு விளைப்பதைக் குடியானவர்கள் அநுபவத்தில் கண்டிருப்பார்கள். பழைய பூச்சிக்கு ஊரிலேயே பகை உண்டு. அதனைத் தின்னும் வண்டும், அதன் உடலில் முட்டையிடும் குளவியும் அதே வயலில் அதனோடு வாழ்ந்து, அதன் தொகையை ஓர் அளவுக்குள் வைத்திருக்கின்றன. கடல் கடந்து வந்த பூச்சியோ தன் பகைவர்களைத் தாய்நாட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வருகின்றது. தடுப்பார் இன்றி அது பெருகுவதில் வியப்பில்லை.

2008ஆம் ஆண்டு முதல் 2011 வரையில் தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி பயிரிடுவோர் பட்ட பாடும், அதனின்று அவர்கள் விடுபட்ட விதமும் இதற்குத் தக்க சான்றாகும். அவர்களை விடுவித்தது விலை கொடுத்து வாங்கிய மருந்து அன்று. கேழ்வரகு மணியிலும் சிறிய ஒரு குளவியே. அக்குளவி இன்றும் வயல்களில் தன் தொழிலைச் செய்துவருகின்றது. ஆயினும் அத்தொழில் தொடர்ந்து நடப்பதும் இடையில் நின்றுபோவதும் பெரும்பாலும் பயிரிடுவோரின் கையிலேயே இருத்தலால், அதன் இயல்பை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

பூச்சி வந்த வழி

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்ஸிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர்; அப்பெயர் 1992ஆம் ஆண்டில் இடப்பட்டது. தாயகத்தில் அதனை ஒரு பெரும் பூச்சியாக எவரும் மதித்ததில்லை. அங்கு அதற்குப் பகைகள் பல உள்ளன. 1990ஆம் ஆண்டுகளில் அது கரீபியன் தீவுகளில் பரவிய பின்னரே அதன் கொடுமை வெளிப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும், 2002இல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவிலும், 2004இல் ஹவாய்த் தீவுகளிலும் காணப்பட்டது. 2008ஆம் ஆண்டில் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியது.

இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் கோயம்புத்தூர். காலம் 2008 ஜூலை மாதம். அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டத்தில் பப்பாளிச் செடிகளை இது மூடியிருந்தது. பின்னர் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களுக்கும், அப்பால் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. பழம், நாற்று, குச்சி ஆகியவற்றோடு வண்டிகளில் ஏறியும், காற்றில் மிதந்தும், வேலையாட்களின் உடையில் ஒட்டியும் இது ஊர்விட்டு ஊர் சென்றது.

பூச்சியின் இயல்பு

மாவுப்பூச்சிகள் செதில் பூச்சிகளின் பேரினத்தைச் சேர்ந்தவை. செதில் பூச்சி கெட்டியான ஓட்டைப் போர்த்துக்கொள்வதுபோல் மாவுப்பூச்சி வெண்மையான மெழுகுப் பொடியைப் போர்த்துக்கொள்ளும். பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறம் உடையது. நசுக்கினால் மஞ்சள் நீர் வெளிப்படும். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. அது தன் உடலைவிட நீண்ட பஞ்சு போன்ற பையைப் பின்னே தொங்கவிட்டு, அதனுள் முட்டைகளை இடும். ஒரு பெண் பூச்சி இடும் முட்டைகள் நூற்றுக்கணக்கானவை. சில வேளைகளில் 600 வரையிலும் உண்டு. ஏறக்குறைய பத்து நாட்களில் முட்டை பொரிந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத குஞ்சுகள் ஊர்ந்து சென்று தளிரில் இடம் பிடிக்கின்றன. கோடைக்காலத்து வெப்பமும் வறட்சியும் இவற்றிற்கு மிக உகந்தவை.

இப்பூச்சி இலையின் அடிப்புறத்து நரம்புகளை ஒட்டியும், தண்டிலும், காயிலும் கூட்டங்கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். இலை மஞ்சளித்துச் சுருங்கும், தளிர் கோணும், பூவும் பிஞ்சும் உதிரும். உறிஞ்சிய சாற்றில் எஞ்சியதை இப்பூச்சி தேன் போன்ற இனிப்பு நீராகக் கழிக்கும். அந்நீர் படிந்த இடங்களில் கரும்பூசணம் படர்ந்து இலை வெயிலை வாங்க முடியாமல் போகும். பழம் விலைக்கு உதவாது. பால் எடுப்பதற்கென்று பப்பாளி வளர்த்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

பப்பாளியோடு இது நிற்பதில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, தக்காளி, கொய்யா, செம்பருத்தி, காட்டாமணக்கு, துத்தி ஆகியவற்றிலும், பார்த்தீனியம் முதலிய களைகளிலும் இது வாழும். தோட்டத்தைச் சுத்தம் செய்தவனுடைய வேலியிலும் புறம்போக்கிலும் இது உயிரோடு இருந்து மீண்டும் உள்ளே வரும்.

மருந்து பயன்படாமை

பூச்சி தோன்றியவுடன் பயிரிடுவோர் செய்தது மருந்து தெளித்தலே. ஒரு மருந்து பயன்படாதபோது மற்றொன்றையும், அதுவும் பயன்படாதபோது இரண்டையும் கலந்தும் தெளித்தனர். தெளித்த ஓரிரு நாட்களில் பூச்சி குறைந்ததுபோல் தோன்றும். சில வாரங்களில் முன்னிலும் மிகுந்து காணும். இதன் காரணம் எளிது. மெழுகுப் பொடி மருந்து நீரை உடலில் ஒட்டவிடுவதில்லை. பஞ்சுப் பையினுள் இருக்கும் முட்டைகளுக்கு மருந்து எட்டுவதே இல்லை. தப்பிய முட்டைகள் பொரியும்போது, இப்பூச்சிகளைத் தின்று வாழும் நன்மை தரும் பூச்சிகள் மருந்தினால் முன்பே மடிந்திருக்கும். ஆகவே தெளிப்பவன் தன் பகையைக் கொஞ்சமும் தன் துணையை முழுவதும் அழித்தவனாகின்றான்.

மல்பெரி பயிரிடுவோரின் சங்கடம் இன்னும் பெரிது. மருந்து படிந்த இலையைத் தின்ற பட்டுப்புழு மடியும். மருந்து தெளிக்காவிடில் புழுவுக்கு இடத் தக்க இலையே இராது. இரு பக்கமும் நஷ்டமாய் இருந்தமையால் பலர் மல்பெரிச் செடிகளையும் பப்பாளி மரங்களையும் வேரோடு களைந்து வேறு பயிருக்கு மாறினர்.

உள்நாட்டுப் பகைகள் முற்றிலும் இல்லாமல் இல்லை. ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சிகளை விரும்பித் தின்னும். அதன் கூட்டுப்புழு குரங்கின் முகம் போன்ற தோற்றம் உடையதாகையால் அதனை எளிதில் அடையாளம் காணலாம். கிரிப்டோலீமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டும் இப்பூச்சியைத் தின்னக்கூடியது. எனினும், இவை பூச்சி மலிந்த இடத்தில் கூடித் தின்பனவே அன்றி, பூச்சி அருகிய இடத்தில் தேடிச் சென்று அழிப்பன அல்ல. புதிய பூச்சியின் பெருக்கத்திற்கு இவற்றின் உழைப்பு ஈடுகொடுக்கவில்லை.

பகையைத் தேடிய வரலாறு

அயல்நாட்டுப் பூச்சியை அடக்க அதன் தாயகத்துப் பகையையே வரவழைக்கும் முறை தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சை இனத் தோட்டங்களை அழித்துவந்த ஐசீரியா என்னும் பஞ்சுச் செதில் பூச்சியை, ஆஸ்திரேலியாவிலிருந்து 1888, 1889ஆம் ஆண்டுகளில் கொணர்ந்த ரொடோலியா என்னும் பொறிவண்டு அடக்கியது. அதே செதில் பூச்சி பிற்காலத்தில் நீலகிரி மலையில் தோன்றியபோது, அதே வண்டு அங்கும் கொண்டுவந்து விடப்பட்டு அதனை ஒடுக்கிற்று. தெற்கே புன்செய் நிலங்களை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளி, இலங்கையிலிருந்து 1926இல் கொணரப்பட்ட ஒரு செதில் பூச்சியினால் அழிந்தது. இவ்விடத்தில் செதில் பூச்சியே குடியானவனுக்கு நண்பனாயிற்று.

பப்பாளி மாவுப்பூச்சிக்கும் அவ்வாறே அதன் தாயகத்தில் பகை தேடப்பட்டது. அமெரிக்க விவசாய இலாகாவின் பூச்சி நிபுணர்கள் மெக்ஸிகோவில் அப்பூச்சியைத் தேடிப் பிடித்து, அதனுள்ளிருந்து வெளிவந்த குளவிகளைச் சேகரித்தனர். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்ஸிகானா என்னும் மூன்றும் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்தவை. போர்ட்டோ ரிக்கோ தீவில் இக்குளவிகளை வளர்க்கும் நிலையம் ஏற்பட்டது. குளவிகளை விட்ட பின்னர் மாவுப்பூச்சியின் தொகை போர்ட்டோ ரிக்கோவில் நூற்றுக்கு 97 பங்கும், டொமினிக்கன் குடியரசில் 99.7 பங்கும் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. குவாம், பலாவ் தீவுகளிலும் இதே பலன் கிடைத்தது. இலங்கையில் 2009ஆம் ஆண்டில் இக்குளவிகள் விடப்பட்டன.

இந்தியாவுக்கு இவை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010ஆம் ஆண்டில் வந்தன. பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிலையம் அவற்றைப் பெற்று, வெளியே தப்ப முடியாத அறைகளில் தனித்து வைத்துப் பரிசோதித்தது. இப்பரிசோதனை வீண் சடங்கன்று. வெளிநாட்டு உயிர் ஒன்றை ஒருமுறை திறந்த வெளியில் விட்டால் திரும்பப் பிடிக்க இயலாது. ஆதலால், அது மாவுப்பூச்சியை அன்றி வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமோ என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. பரிசோதனை முடிந்தபின் 2010 அக்டோபர் முதல் குளவிகள் வயல்களில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண்மை அறிவியல் நிலையங்களும் அவற்றை வளர்த்துப் பல ஜில்லாக்களுக்கும் வழங்கின. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அம்மாவுப்பூச்சியில் குளவியை வளர்த்தல் இதற்குக் கைவந்த முறையாகும்.

குளவியின் தொழில்

இம்மூன்றனுள் தமிழ்நாட்டில் மிகுதியாய் நிலைபெற்றது அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவியே. இதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடல் இளமஞ்சள் கலந்த செம்மை நிறம். குளவி என்ற பெயரைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை, இது மனிதரையோ கால்நடையையோ கொட்டாது, பயிரையும் தின்னாது.

பெண் குளவி மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே நடந்து, தன் உணர்கொம்புகளால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கும். தக்கதொன்றைக் கண்டதும் தன் வயிற்று முனையில் உள்ள ஊசி போன்ற உறுப்பை அதன் உடலில் செலுத்தி உள்ளே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, உயிரோடிருக்கும் மாவுப்பூச்சியின் உட்பகுதியைத் தின்று வளரும். மாவுப்பூச்சி சில நாட்கள் உயிரோடிருந்து பின் மடியும். அதன் உடல் உப்பிக் கெட்டியாகிப் பழுப்பு நிறம் அடைந்து ஒரு சிறு கூடு போலாகும். அக்கூட்டில் வட்டமான துளை செய்துகொண்டு புதிய குளவி வெளிவரும். வெளிவந்த குளவி மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை உண்டு, துணை கூடி, மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். மாவுப்பூச்சி தன் தலைமுறையை முடிப்பதைவிடக் குளவி தன் தலைமுறையை விரைவில் முடித்துக்கொள்ளும்.

இக்குளவி பெரிதும் விரும்புவது இரண்டாம் பருவத்து இளம் மாவுப்பூச்சியை. இதுவே இதன் தனிச்சிறப்பு. முட்டையிட்டு முடித்த கிழப் பூச்சியைக் கொல்வதால் ஆவது சிறிதே. நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும் முன்னரே அதனை மடிப்பதனால், ஒரு பூச்சியைக் கொல்லும்போது அதன் வமிசமும் கூடவே ஒழிகின்றது. மற்ற இரு குளவிகளும் வளர்ந்த பூச்சிகளை நாடுவனவாதலால் ஒன்றன் தொழிலுக்கு மற்றொன்று பெரும் இடையூறாவதில்லை.

பலன்

குளவிகள் விடப்பட்ட சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி குறையலாயிற்று. 2011ஆம் ஆண்டுக்குள் கோயம்புத்தூர், ஈரோடு வட்டாரங்களில் பப்பாளியும் மல்பெரியும் மீண்டும் பச்சை கண்டன. செடிகளைக் களைந்தவர்கள் திரும்ப நட்டனர். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, தக்காளி, கத்தரி, பருத்தி ஆகியவற்றில் கிடைத்த நன்மையை 2014இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. முதலாண்டில் மட்டும் 12 கோடியே 10 லட்சம் முதல் 30 கோடியே 90 லட்சம் வரையிலும், ஐந்தாண்டுகளில் 52 கோடியே 40 லட்சம் முதல் 134 கோடி வரையிலும் அமெரிக்க டாலர் அளவுக்கு நன்மை உண்டாயிற்று என்பது அதன் முடிவு. இவ்வளவு நன்மைக்காகப் பயிரிட்டவர் கைப்பொருள் செலவிட்டது மிகச் சொற்பமே.

பொறுத்திருக்க வேண்டிய வாரங்கள்

குளவி மாவுப்பூச்சியை அடியோடு அழித்துவிடும் என்று எவரும் எண்ணலாகாது. அடியோடு அழிந்தால் குளவிக்கும் உணவின்றி அதுவும் அழிந்துபோகும். ஆங்காங்கே ஒரு சில மாவுப்பூச்சிகள் இருப்பதே குளவியும் உயிரோடிருப்பதற்கு ஆதாரம். கோடையில் மாவுப்பூச்சி முதலில் பெருகும். அதனை உண்டு குளவி பின்னர்ப் பெருகும். அதன் பின்னரே மாவுப்பூச்சி ஒடுங்கும். இவ்விரண்டின் பெருக்கத்திற்கும் இடையே சில வாரங்கள் உண்டு. இவ்வாரங்களே ஆபத்தானவை, ஆபத்து பூச்சியினால் மட்டும் வருவதன்று, குடியானவரின் அவசரத்தினாலும் வருவதே.

இலையில் வெண்மை கண்டவுடன் கடைக்கு ஓடி மருந்து வாங்கித் தெளிப்பவர், அப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய குளவிகளை மடிக்கின்றார். அவருடைய வயலில் மட்டும் அன்றி, காற்றடிக்கும் திசையில் உள்ள பக்கத்து வயலிலும் குளவி மடிகின்றது. சில வாரங்களில் மாவுப்பூச்சி திரும்புகிறது, குளவி திரும்புவதில்லை, மறுபடியும் மருந்து வேண்டியதாகின்றது. இவ்விதம் ஒருமுறை தொடங்கியவர் அறுவடை வரையில் நிறுத்த முடியாமற் போவது வழக்கம். குத்தகை கொடுக்க வேண்டியவருக்கும், காய் பறிக்க நாள் குறித்தவருக்கும் காத்திருத்தல் எளிதன்று என்பது உண்மையே. அத்தகையோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. பூச்சி மண்டிய இலைகளையும் கிளைகளையும் கிள்ளி அகற்றலாம். வேகமாய் நீர் பீய்ச்சிப் பூச்சிகளை உதிர்க்கலாம். மிக மலிந்த செடிகளுக்கு மட்டும், லிட்டருக்கு 20 மில்லி வேப்ப எண்ணெயையோ 25 கிராம் மீன் எண்ணெய்ச் சோப்பையோ கலந்து தெளிக்கலாம். இவை நெடுநாள் நஞ்சாக இலையில் தங்குவதில்லை. ஆயினும் நேரே படும் குளவி இவற்றாலும் மடியும். ஆதலால் தோட்டம் முழுவதும் தெளித்தல் கூடாது; குளவிகளைப் புதிதாக விடுவதாயின் தெளிப்பை அதற்கு முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும்.

எறும்பையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சியின் இனிப்பு நீரை விரும்பி எறும்பு அதனைக் காவல் காக்கும். முட்டையிட வரும் குளவியை விரட்டும். குஞ்சுகளைப் புதிய தளிருக்குத் தூக்கியும் செல்லும். மரத்தடியில் உள்ள எறும்புப் புற்றுகளைக் கிளறி அழிப்பதும், தண்டைச் சுற்றி ஒட்டும் பசைப் பட்டை கட்டுவதும் குளவிக்குச் செய்யும் பேருதவியாகும்.

குளவி உண்டா இல்லையா என்று அறிதல்

மருந்து தெளிக்கும் முன் ஒவ்வொருவரும் தம் வயலில் குளவி உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இதற்குப் பெருங்கருவி ஒன்றும் தேவையில்லை. பூச்சி பிடித்த சில இலைகளைப் பறித்து அடிப்புறத்தைக் கைக்கண்ணாடியால் நோக்குக. வெண்பொடி நீங்கி உப்பிப் பழுப்பேறிய கூடுகளும், அவற்றில் ஊசி குத்தியது போன்ற வட்டத் துளைகளும் காணப்படின் குளவி தொழில் செய்கின்றது என்பது உறுதி. ஐயம் இருப்பின், அவ்விலைகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வைத்து இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும் பார்த்துவருக. வெளிச்சமுள்ள பக்கத்தில் மிகச் சிறிய செம்மஞ்சள் பூச்சிகள் கூடி ஊர்ந்தால் அவையே குளவிகள். அவற்றைக் கொண்டுபோய்ப் பூச்சியுள்ள செடிகளிடையே காலை அல்லது மாலை வேளையில் திறந்துவிடுதல் நலம். இத்தகைய கூடுகள் நிறைந்த இலைகளை எரித்துவிடுதல் கூடாது.

இன்னொரு பிழையும் வழக்கத்தில் உள்ளது. கிரிப்டோலீமஸ் வண்டின் புழு உடம்பெல்லாம் வெண்மெழுகு இழைகள் சூழ்ந்து, பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அது விரைந்து நடக்கும். மாவுப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதனை மாவுப்பூச்சி என்றெண்ணி நசுக்குவோர் நண்பனைக் கொல்கின்றனர்.

மரவள்ளியில் மற்றொரு மாவுப்பூச்சி

ஒரு பூச்சிக்கு உதவிய குளவி மற்றொன்றுக்கும் உதவும் என்று கருதுதல் தவறாகும். 2020ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூர் வட்டாரத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கண்டறியப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களிலும் பரவிற்று. இதன் தாயகம் தென் அமெரிக்கா. இதன் உடல் இளஞ்சிவப்பு. ஆண் இன்றியே இது பெருகும். இது பிடித்த மரவள்ளியின் நுனி குட்டையாகி இலைகள் கொத்தாகச் சுருண்டுவிடும். பப்பாளி மாவுப்பூச்சியின் குளவி இதனை அடக்குவதில்லை.

இதற்குரிய பகை அனகைரஸ் லோபெஸி என்னும் குளவி. 1970ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் இம்மாவுப்பூச்சி பரவி, மரவள்ளியையே உணவாகக் கொண்ட மக்களைப் பஞ்சத்தின் எல்லைக்குக் கொண்டுசென்றது. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் 1981இல் இக்குளவி கண்டெடுக்கப்பட்டு, நைஜீரியாவில் முதலில் விடப்பட்டு, பின்னர் அக்கண்டத்தின் பல நாடுகளிலும் பரப்பப்பட்டது. அவ்வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்னும் ஸ்விட்சர்லாந்து நிபுணருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவுக்கு இக்குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021இல் வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியில் விடப்பட்டது.

ஆகவே மரவள்ளியில் வெண்மை கண்டவர் முதலில் செய்யவேண்டுவது, அது எந்த இனம் என்று அறிதலே. ஒரு குண்டூசியால் பொடியை விலக்கிப் பார்த்தால் மஞ்சளா இளஞ்சிவப்பா என்பது விளங்கும். ஐயமாயின் பூச்சியுள்ள இலையை உறையிலிட்டு மூடி, அருகிலுள்ள வேளாண்மை அலுவலரிடமோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டுதல் வேண்டும். பூச்சி பிடித்த தோட்டத்திலிருந்து நடவுக்குக் குச்சி எடுப்பதும், அத்தகைய குச்சியை வேறு ஊருக்கு அனுப்புவதும் அறவே தவிர்க்கத்தக்கவை.

கிராமத்தார் செய்ய வேண்டுவன

மருந்து தெளித்தல் தனி மனிதர் செய்யும் காரியம். குளவியைக் காத்தல் ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம். குளவிக்கு வரப்பும் பட்டாவும் தெரியா. பத்துப் பேர் காத்த குளவியைப் பதினோராமவர் ஒரே நாளில் அழித்துவிடக் கூடும். இதில் ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் செய்யக்கூடிய உதவி பெரிது. மாவுப்பூச்சி தோன்றிய செய்தியைக் காலதாமதமின்றி வேளாண்மைத் துறைக்குத் தெரிவிப்பதும், குளவிகள் விடப்படும் நாளை ஊராருக்கு முன்னரே அறிவிப்பதும், அதனை அடுத்த சில வாரங்கள் சுற்றுப்புற வயல்களில் மருந்து தெளியாதிருக்க அனைவரையும் இணங்கச் செய்வதும் அவர்களால் இயலும். சாலை ஓரங்களிலும் புறம்போக்கிலும் மண்டியுள்ள பார்த்தீனியத்தையும் துத்தியையும் களைவிப்பதும் அவர்கள் பொறுப்பே. களைகளில் பழுப்புக் கூடுகள் மிகுந்திருப்பின், களைவதற்கு முன் அவற்றைப் பறித்துப் பூச்சியுள்ள தோட்டங்களில் இட்டுவைத்தல் நலம்.

பெரும் நிலம் உடையவர்கள் இதில் முன்னின்று நடத்தல் சாலச் சிறந்தது. ஏனெனில், அதிகமாய் மருந்து தெளிப்பவர்கள் அவர்களே. அவர்கள் நிறுத்தினால் அண்டை அயலில் உள்ள சிறு குடியானவர்களும் நிறுத்துவார்கள். அவர்கள் தெளித்தால், ஒன்றரை ஏக்கர் மல்பெரியை நம்பிப் பட்டுப்புழு வளர்ப்பவரின் வீட்டில் வருமானம் நின்றுபோகும்.

கடல் கடந்து வந்த ஒரு கேட்டினைக் கடல் கடந்து வந்த ஒரு துணையே அடக்கிற்று. அத்துணைக்குக் கூலி இல்லை, தீனி இல்லை, ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கவும் வேண்டுவதில்லை. பூச்சி பெருகும் சில வாரங்கள் அதனை உயிரோடு விட்டுவைக்கும் பொறுமையே அது கேட்பது. வரும் கோடையில் இலையின் அடிப்புறத்தில் முதல் வெண்மை தோன்றும்போது, கையில் தெளிப்பானை எடுக்குமுன் கைக்கண்ணாடியை எடுத்துப் பார்ப்பவர், தம் பயிரோடு அண்டை வயலாரின் பயிரையும் காப்பவராவர்.